முப்பத்தைந்து நாள்

மகன் துபாய்க்கு வேலைக்கு வந்து எட்டு மாதத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. பெற்றவள் எழுதுகிற வசனமில்லைத்தான். ஆனாலும் வந்தது.

அவன் அமெரிக்கக் குடியுரிமைக்காரன். மகளின் படிப்புக்காக மனைவியும் மகளும் அங்கேயே இருந்தார்கள். துபாயின் தேராப் பகுதியில் வாடகை வீட்டில் அவனும் நானும்தான். சமைக்கிற குசினிச் சுவரில் பலசரக்குக் கடையில் தந்த கலண்டர். அதில் சில நாள்களைச் சிவப்புப் பேனையால் சுற்றி இலக்கம் போட்டிருந்தான். கடைசி இலக்கம் முப்பத்துமூன்று. நான் கேட்கவில்லை. எதையும் நேரே கேட்கிற ஆள் இல்லை நான்.

அந்த நேரம்தான் பேத்தி பெரியபிள்ளையானாள். மருமகள் சாமத்தியவீட்டுச் சடங்குக்கு மண்டபம் பேசிவிட்டு மகனுக்குப் போன் எடுத்தாள். இவன், "நான் வரேலாது. ரெண்டு நாள்தான் மிச்சம்" என்றான். லீவு பதினைந்து நாள் கிடக்கிறதென்று முதல்நாள் கூட்டாளிக்குச் சொன்னது என் காதில் விழுந்திருந்தது.

அடுத்த நாள் அவன் வேலைக்குப் போனபிறகு மருமகள் எனக்குப் போன் எடுத்தாள்.

"மாமி, உண்மையைச் சொல்லுங்கோ. அங்க ஆரும் வந்து போறவையோ?"

"ஐயோ பிள்ளை, நான் வீட்டிலதானே இருக்கிறன்."

"நீங்கள் ஒன்பது மணிக்கே படுத்திடுவியள்."

அன்றைக்கு அவனுடைய அழுக்குச் சேர்ட்டைத் தோய்க்க முந்தி மணந்து பார்த்தேன். வெட்கமாயிருந்தது, என்றாலும் பார்த்தேன். வேர்வை மணம்தான்.

பிறகு சோறு போடும்போது, அவன் முகத்தைப் பாராமல், "கலண்டரில என்ன தம்பி அது?" என்றேன்.

"அமெரிக்காவில நிண்ட நாள் அம்மா. நாங்கள் எங்க உழைச்சாலும் அவங்களுக்குக் கணக்குக் காட்டவேணும். பன்னிரண்டு மாசத்தில முந்நூற்றிமுப்பது நாள் வெளியில இருந்தால்தான் இந்தச் சம்பளத்துக்கு வரி இல்லையெண்டு விடுவாங்கள். அங்க நிக்க முப்பத்தைஞ்சு நாள்தான் மிஞ்சும். மாமனாரின்ரை ஒப்பரேசனுக்கு அங்க நிண்டதிலயே முப்பத்துமூண்டு போச்சு."

"ஒரு நாள் கூடினால்?"

"வருசச் சம்பளத்துக்கே வரி. பிறகு வீட்டுக் கடன் கட்டேலாது."

"ரெண்டு நாளில போயிட்டு வாவன்."

"இறங்கிற நாளும் ஏறுற நாளும் கணக்கில வரும். பிளேன் பிந்தினால் முடிஞ்சுது. அவளுக்கும் சொன்னனான். நம்புறாள் இல்லை."

நானும் நம்பவில்லை. ஒருத்தன் நின்ற நாளை இருந்து எண்ணுகிற அரசாங்கமும் இருக்குமா? நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆனால் எண்ணத் தெரியும். அவன் குளிக்கப் போன நேரம் பைலில் இருந்த பிளேன் ரிக்கற்றுகளை எடுத்து, திகதியைக் கலண்டரோடு வைத்து விரல்விட்டு எண்ணினேன். முப்பத்துமூன்றேதான்.

மருமகளுக்குச் சொன்னேன்.

"நீங்கள் பெத்தனீங்கள் மாமி. அப்பிடித்தான் சொல்லுவியள்," என்றாள். பிறகு, "மண்டபத்தை விடுறன். சாமத்தியவீட்டை அங்க வைப்பம். நாங்கள் வாறம்."

பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்தார்கள். பேத்தி தகப்பனைக் கட்டிக்கொண்டாள். மருமகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தண்ணீர்கூடக் கேளாமல், நேரே குளியலறைக்குப் போனாள். நான் பின்னால் போய் வாசலில் நின்றேன்.

"பச்சைப் பல்லுப் பிறஷ் ஆரின்ரை?"

"என்ரை, பிள்ளை."

"மற்றது?"

"அவன்ரை."

சீப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதில் நரைமயிர்தான் சுற்றியிருந்தது. என் தலையை ஒருதரம் பார்த்தாள். பிறகுதான் பைப்பைத் திறந்து முகம் கழுவினாள்.

"மாமி," என்றாள் முகத்தைத் துடைத்தபடி, "இங்க மண்டபம் எங்க எடுக்கலாம்?"