புளிப்புண் என்று எண்ணிய நாற்பத்தொரு நாள்

மாசி, பங்குனியில் எங்கள் ஜவ்வாது மலையில் வீட்டுக்கு வீடு புளி உடைப்போம். ருசி பார்த்துப் பார்த்து வாய் புண்ணாகும். தேன் தடவினால் ஆறிவிடும். போன வருடம் என் நாக்கின் ஓரத்தில் வந்த புண்ணையும் அப்படித்தான் நினைத்தேன். பீடி, புகையிலை தொட்டதில்லை என்பதால் பயப்படவில்லை. நாள்களை மட்டும் எண்ணினேன்.

நாற்பத்தொன்றாம் நாள் என் மனைவி அதட்டினாள்: "எண்ணிக்கினே இருந்தா புண்ணு ஆறிடுமா? கெளம்புங்க, வேலூருக்குப் போய்ட்டு வரலாம்."

மருத்துவர் சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர ஒன்பது நாள். ஒன்பது நாளும் சரியாகத் தூங்கவில்லை.

"வைரஸ் தொற்று இருக்குதுங்க. உயிரணு பெருகுற வேகத்தைக் காட்டுற குறியும் அதிகம். இன்னும் புற்று ஆகல, இப்பவே எடுத்துடலாம்" என்றார் மருத்துவர், முடிவைப் பார்த்துவிட்டு.

"நான் புகையிலையே போட்டதில்லையே!"

"போடாதவங்களுக்கும் வரலாங்க."

வெட்டி எடுத்து ஏழு தையல் போட்டார்கள். மூன்று மாதத்துக்கொரு முறை பரிசோதனைக்காக மலையிறங்க வேண்டும். நான்கு முறை போய்விட்டேன். உடம்பு அலுத்துப்போகிறது, ஆனாலும் போகிறேன்.

இப்போதெல்லாம் எந்த வாய்ப்புண்ணுக்கும் பதினான்கு நாள்தான் கெடு. இந்தப் பங்குனியில் பக்கத்து நிலத்துக்காரர் தன் வாய்ப்புண்ணைக் காட்டி, "புளிப்புண்ணுதாங்க, உடுங்க" என்றார். பதினைந்தாம் நாள் அவரையும் பஸ்ஸில் ஏற்றி, என் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டேன்.