குதிரைமேலிருந்து எழுதியவர்

"…சுத்திச் சுத்தி ஆடி, வாயில நுரை தள்ள விழுவினமாம். எழும்பின உடனே பிச்சைக்குக் கை நீட்டுவினமாம். வேலை செய்யப் பஞ்சியில போட்ட வேசம் எண்டு எழுதியிருக்கிறார்," என்று வாசிகசாலை அக்கா, ஆங்கில வரியிலிருந்து விரலை எடுக்காமல் சொல்லிக்கொண்டு போனார். முந்நூறு வருடங்களுக்கு முன் பாரசீகம் போன ஒரு வெள்ளைக்காரர், தான் கண்ட சூபிகளை, அந்த முஸ்லிம் துறவிகளைப் பற்றி எழுதிய பக்கம் அது. நாங்கள் ஏழெட்டுப் பேர் விழுந்து விழுந்து சிரித்தோம். பொருளாதாரத் தடைக்காலத்து வன்னியில், எங்கள் முள்ளியவளையில் சிரிப்பதற்கு வேறென்ன இருந்தது?

இன்று அந்த மனிதரை நினைத்தால் எனக்கு அருவருப்புத்தான். அபின் தின்னிகள், ஊரை ஏய்ப்பவர்கள் என்று குதிரையை விட்டு இறங்காமலே தீர்ப்பு. ஒரு காலத்தில் அரசனையே சிம்மாசனத்தில் ஏற்றிய கூட்டம் இப்போது அவன் முற்றத்தைக் கூட்டுகிறது என்று நக்கல் வேறு. கூட்டுகிறவனிடம் ஒரு சொல் கேட்டாரா? சைக்கிள் திருத்துகிற நான்கூடச் செயினைக் கழற்றிப் பார்க்காமல் பழுது சொல்வதில்லை. அவர் எழுதியது பிழை என்று எங்களுக்குச் சொல்லியிருக்கக்கூடிய முஸ்லிம் சனம் தொண்ணூறிலேயே புலிகளால் வடக்கை விட்டு விரட்டப்பட்டிருந்தது. அதுவும் எங்களுக்கு உறைக்கவில்லை.

அக்கா அந்தப் பக்கத்தைத் தமிழாக்கி எங்கள் கையெழுத்துச் சஞ்சிகையில் போட இருந்தார். கொப்பித் தாளுக்கே வழியில்லாத நாளில், ஒரே பிரதி எழுதி வீடு வீடாகச் சுற்றவிடுவோம். போன இதழில், மலையகத்திலிருந்து வந்து குளத்துக்கு அப்பால் குடியேறிய சனம் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தைப் பற்றி எழுதியிருந்தார். மாசி முழுக்க வேலைவெட்டியை விட்டு ஆடித் திரிகிறார்களாம். அதைப் படித்த கமக்காரர் இரண்டு பேர் அந்தச் சனத்தை அறுவடைக்குக் கூப்பிடவில்லை. அதைப் பற்றிக் கதைக்க வந்து வாசிகசாலை வாசலில் நின்ற அவர்களின் கூத்து வாத்தியார் மட்டும் அன்று சிரிக்கவில்லை.

"அந்தத் தொரை அவுங்க வீட்டுல ஒரு வாய் சாப்புட்டாருங்களா?"

அக்கா பக்கங்களைப் புரட்டினார். "அப்பிடி ஒண்டும் இல்லை, அண்ணை. மொழிபெயர்க்க வந்தவன் சொன்னதாம்."

"நீங்களும் எங்க பக்கம் வராம, யாரோ கடைக்காரர் சொன்னதத்தானேம்மா எழுதுனீங்க. நாங்க விரதம் இருந்து, பகலெல்லாம் வேல செஞ்சிட்டுத்தான் ஆடுனோம். இப்ப நெல்லு வெட்டுக்கு யாரும் கூப்புடல."

கோபமில்லாமல் சொன்னார். அதுதான் தாங்கமுடியவில்லை. நானும் சிரித்தவன்தானே.

அக்கா புத்தகத்தை மூடினார். சைக்கிளை எடுத்து, வாத்தியாரோடு உருட்டிக்கொண்டே நடந்து, முதல் கமக்காரரின் படலையைத் திறந்தார். கமக்காரர் கதிரை எடுத்துப் போடும் முன்பே, அக்கா முற்றத்தில் நின்றபடி, "நான் பாக்காமல் எழுதினனான்," என்றார்.