எந்த நீரில் உப்பு? புதுமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு

அன்று எங்கள் புதுமடம் வீட்டில் இருந்தவர்கள்: மாமியார் மரியம் பீவி, மாமனார் சுல்தான், நாத்தனார் சைனம்பு, வீடு வீடாகக் கர்ப்பிணிகளைப் பார்க்க வரும் நர்ஸ் எஸ்தர், ஏழு மாத வயிற்றோடு நான். என் வீட்டுக்காரர் கொழும்பில் இருந்தார், கணக்கில் சேர மாட்டார். தனுஷ்கோடிக்கு ரயில் ஓடிய காலம். புதுமடத்துக்கு வழி கேட்கிறீர்கள், சொல்கிறேன். அந்த வழியில் நான் முதலில் போன கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நர்ஸ் என்னிடம் ஒரு சீசாவில் சிறுநீர் வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். மாதம் சரியா என்று பார்க்கத்தான் என நினைத்தேன். கிணற்றடியிலிருந்து கையில் கண்ணாடிக் குழாயோடு திரும்பி வந்து மாமியிடம், "நீருல உப்பு இருக்கும்மா. உப்பு ஆகாது" என்றார்.

"கடக்கரைக் கெணத்துல உப்பில்லாம சீனியா இருக்கும்?" என்றார் மாமி. நர்ஸும் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். இருவரும் ஒன்றுக்குத்தான் சிரித்தார்களா என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

அன்று முதல் மணல் ஊற்றிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்தார் மாமி. குழம்பு என்னவோ தினமும் கருவாடுதான். எனக்குக் கால் வீங்கியது, பிறகு முகம். ஒரு காலையில் தலை பிளந்தது, எதிரில் இருந்தவர்கள் புகையாகத் தெரிந்தார்கள்.

உச்சிப்புளி ஸ்டேஷனுக்கு மூன்று மைல். கருப்பையாவின் மாட்டுவண்டியில் மாமி, சைனம்பு, நான்.

"என்னத்தா, மொகம் இப்பிடி ஊதிக் கெடக்கு?" என்றார் கருப்பையா.

"கெணத்துத் தண்ணி உப்புன்னு நர்ஸம்மா சொன்னதுலருந்து ஊத்துத் தண்ணிதான் குடுக்குறேன். ஒண்ணும் வெளங்கல" என்றார் மாமி.

சைனம்பு கெக்கெக்கென்று சிரித்தாள். "கெணத்துத் தண்ணி இல்ல உம்மா. ஒண்ணுக்குல உப்பாம். மறுவாரமே நர்ஸம்மா வாசல்ல வந்து எங்கிட்ட சொல்லிட்டுப் போச்சு. கருவாடே ஆகாதாம்."

"ஏன்டி சொல்லல?"

"வாப்பா இருந்தாக. அந்த வார்த்தைய எப்பிடிச் சொல்ல?"

கருப்பையா மாட்டைத் தட்டினார்.

வாப்பா முன்னால் வாயில் வராத வார்த்தை வண்டிக்காரர் முன்னால் எப்படி வந்தது? வெட்கமா, மறதியா, வேறு ஏதாவதா? அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

ரயிலில் ராமநாதபுரம் பத்து மைல். அங்கே ஜட்கா வண்டியில் ஏறியது வரைதான் தெரியும். ஆஸ்பத்திரியில் வலிப்பு வந்ததாம். எதையும் மறக்காத எனக்கு நினைவில்லாத பகல் அது ஒன்றுதான். விழித்தபோது வயிறு காலியாக இருந்தது. பெண் குழந்தை. அழவே இல்லையாம்.

இப்போது ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளிக்குப் பஸ் உண்டு. அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். வெயிலுக்கு முன் கிளம்புங்கள், குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், நர்ஸ் சொல்வது எந்த நீர் என்று அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகக் கேளுங்கள்.

மாமிக்கு விஷயம் தெரியாது. குடம் சுமந்த இடுப்பு வலி கடைசி வரை அவருக்குப் போகவில்லை, அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நர்ஸ் எஸ்தர் பாதிதான் சொன்னார், ஆனால் மீதியைச் சொல்ல மறுபடி வெயிலில் நடந்து வந்தார். தெரிந்தவள் ஒருத்திதான். அவளுடைய ஐந்து பேறுகாலத்திலும் உப்பில்லாத கஞ்சி வைத்துக் கொடுத்தவள் நான். அது வேறு. மன்னிக்க மாட்டேன், சைனம்புவை.