நடுக்கடலில் வைத்த புள்ளி

என் அக்காவின் கணவருக்குக் கடல் ஆகாது. இத்தனைக்கும் தீவில் பிறந்தவர். படிப்புக்காகப் பெரிய தீவுக்குப் போனவர், படகேறினால் குடலே வாய்க்கு வருகிறது என்று அங்கேயே தங்கிவிட்டார். அக்காவைக் கட்டிக்கொள்ள ஒரே ஒரு தடவை வந்தார். கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்திருந்தோம். அப்பேர்ப்பட்டவரைத்தான் தீவுகள் வளர்ச்சி அலுவலகம் எங்கள் மூன்று சின்னத் தீவுகளுக்கும் திட்ட அதிகாரியாகப் போட்டது. மண்ணின் மைந்தராம்.

அவருடைய அறையை நான் பார்த்திருக்கிறேன். ஏசியைக் கூட்டி வைத்துவிட்டு, குளிருகிறது என்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சுவர் முழுக்க நீல வரைபடம், அதில் கலர் கலராய்க் குண்டூசிகள். எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு ‘ஸ்மார்ட்’ சேர்த்துக்கொள்வார். ஸ்மார்ட் குடிநீர், ஸ்மார்ட் தெருவிளக்கு, ஸ்மார்ட் குப்பைத்தொட்டி. நாங்கள் அவரையே ஸ்மார்ட் அத்தான் என்றுதான் கூப்பிடுவோம். கேலி என்பது இன்றுவரை அவருக்கு உறைக்கவில்லை.

மூன்று தீவுகளிலும் தலா ஒரு சின்ன மருத்துவ நிலையம் இருந்தது. அவற்றை எடுத்துவிட்டு ஒரே பெரிய மருத்துவமனையாகக் கட்டலாம் என்று மேலே யாருக்கோ தோன்றியது. எந்தத் தீவில் கட்டுவது? அடிதடிவரை போனது. அத்தான் கம்ப்யூட்டரிடம், மூன்றுக்கும் சமதூரத்தில் இடம் காட்டு என்றார். அது கேட்டதைக் கொடுத்தது. புள்ளி கடலில் விழுந்தது.

வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டு அழித்திருப்பார்கள். அத்தானுக்கோ வாயெல்லாம் பல். யார் தீவிலும் இல்லை, இனி யாரும் சண்டை போட முடியாதே! புள்ளி விழுந்த இடத்தில் ஒரு பழைய கப்பலை நங்கூரம் போட்டு நிறுத்தி, ‘ஸ்மார்ட் மிதவை மருத்துவமனை’ என்று பெயிண்ட் அடித்தார்கள். நிலையங்கள் மூன்றையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

எங்கள் தீவு நிலையத்தின் நர்ஸ் நான்தான். ஒரு அறை, இரண்டு கட்டில், ஒரு பிரிட்ஜ். இங்கே ஓடித் திரிகிற பிள்ளைகளில் பாதிப்பேர் முதலில் அழுதது அந்த அறையில்தான். அத்தானுக்குப் போன் போட்டேன்.

“அத்தான், வலி எடுத்தவளப் படகுல ஏத்தி, நடுக்கடல்ல கப்பலுக்கு மாத்தணுமா?”

“மூணு தீவுக்கும் ஒரே தூரம்மா. இதைவிட நியாயம் எங்க கிடைக்கும்?”

“கப்பல் ஆடுறப்ப ஊசி எப்படிப் போடறது?”

“நீ உணர்ச்சிவசப்படற. இரு, அக்காகிட்ட குடுக்கறேன்.”

மறு வாரமே ஆட்கள் வந்து நிலையத்தைப் பூட்டினார்கள். அத்தான் கையெழுத்துப் போட்ட நோட்டீஸைக் கதவில் ஒட்டிவிட்டு, சாவியோடு போய்விட்டார்கள். எனக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

கப்பல் திறப்பு விழாவுக்கு மூன்று தீவு நர்ஸுகளையும் வரச் சொல்லியிருந்தார்கள். மேலதிகாரி வந்ததால் அத்தானாலும் தப்பிக்க முடியவில்லை. கப்பலில் கால் வைத்ததுமே முகம் வெளுத்துவிட்டது. ரிப்பன் வெட்டுவதற்குள் ஒரு பெரிய அலை வந்தது. அத்தான் மயங்கி விழுந்ததில் கட்டில் முனை இடித்து நெற்றி பிளந்தது. டாக்டரைத் தேடினால், அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். தையல் போடலாம் என்று நான் ஊசியை எடுத்தேன். கப்பல் ஆடிய ஆட்டத்தில் ஊசி நெற்றியை விட்டுக் கண்ணைக் குத்தப் பார்த்தது. வேறு வழியில்லாமல் ஒரு மீன்பிடிப் படகில் போட்டு எங்கள் தீவுக்குக் கொண்டுவந்தேன்.

நிலையத்து வாசலில் அத்தான் முனகினார்.

“கதவத் தொறம்மா.”

“சாவி உங்க ஆபீஸ்ல இருக்கு, அத்தான். நோட்டீஸ்ல யார் கையெழுத்துன்னு பாருங்க.”

அத்தான் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். கடைசியில், மீன் ஏலம் போடும் சிமெண்டு மேடையைக் கழுவிவிட்டு, அதில் கிடத்தி, கப்பலிலிருந்து கொண்டுவந்த ஊசிநூலால் தையல் போட்டேன். தலைமுடியெல்லாம் மீன் செதில். என் கையைப் பிடித்துக்கொண்டு, “இதை நான் சும்மா விடமாட்டேன். கண்டிப்பா ரிப்போர்ட்ல எழுதறேன்,” என்றார். கண் கலங்கியிருந்தது. மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

சொன்னபடி எழுதினார். மாதம் முடிவதற்குள் ஒரு படகு வந்தது. சாவி வரும் என்று படகுத்துறையில் போய்க் காத்து நின்றேன். ஆட்கள் ஒரு பெயர்ப்பலகையை இறக்கினார்கள். மீன் மேடைக்குப் பக்கத்தில் குழி வெட்டி, இரும்புக் கம்பத்தோடு அதை நட்டார்கள். ‘ஸ்மார்ட் துணைச் சிகிச்சை மையம்’ என்று எழுதியிருந்தது. மேடையில் சிகிச்சை வெற்றி என்று எழுதிவிட்டாராம் அத்தான். இனி வரைபடத்தில் அதற்கும் ஒரு குண்டூசி உண்டு. மீன்காரி, “இனிமே மீன எங்கம்மா வைக்கிறது?” என்று என்னைக் கேட்டாள்.

படகு கண்ணுக்கு மறைந்ததும், நானும் அவளுமாகக் கம்பத்தை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினோம். நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், அதை வைத்தே பூட்டை இடித்து உடைத்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டு, கட்டில்களைத் துடைத்து விரிப்புப் போட்டேன். பிறகு அத்தானுக்குப் போன் செய்தேன்.

“பலகை எப்படிம்மா இருக்கு?” என்றார் பெருமையாக.

“நல்ல கனமா இருக்கு, அத்தான். பூட்டு ரெண்டே இடியில உடைஞ்சுடுச்சு.”