எல்டா டிராஹன் வீட்டுக் கூரையில் அடித்த நுரை

எல்டா டிராஹன் எங்கள் லூசியானா கடற்கரையில் நண்டு எடைபோடுகிறவள். கூடையின் அடியில் ஈரச் சாக்கை வைத்து எடையைக் கூட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே இருபத்தாறு வருடம் போயிருந்தது. யாராவது காலை வணக்கம் சொன்னால்கூட, இவன் எதற்குச் சொல்கிறான் என்று ஒரு கணம் யோசிப்பாள். பக்கத்து வீட்டுக்காரன் ஹார்லன், அதாவது நான், அந்தக் கணக்கில் விதிவிலக்கு இல்லை.

ஒரு புயலில் அவள் கூரை பறந்துபோனது. கூரையின் பிளைவுட் பலகைகள் மாடு மேயும் நிலத்தில் கிடந்தன. அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பாதி ஆணிகளில் மரத்தூள்கூட ஒட்டியிருக்கவில்லை. பலகையைத் தாங்கும் கைமரத்தில் இறங்காமல், பலகையை மட்டும் துளைத்து வெறுங்காற்றில் நின்ற ஆணிகள்.

"பாத்தியா ஹார்லன்? பத்து வருஷமா காத்துல அடிச்ச ஆணிக்குக் கீழ படுத்துத் தூங்கியிருக்கேன்."

புதுக் கூரை போட்டபோது ஒவ்வொரு ஆணியையும் நின்று பார்த்தாள். அப்போதும் மனம் ஆறவில்லை. அந்தச் சமயத்தில்தான் ராட்னி ப்ரீமோ வந்தான். கூரையின் அடிப்பக்கத்தில் நுரை அடிப்பது அவன் தொழில். குளிர்சாதனச் செலவு குறைவதற்காகத்தான் பலரும் அடிப்பார்கள். இவன் வேறு கதை சொன்னான்.

"மிஸ் எல்டா, இது கெட்டியாகிற ஜாதி நுரை. பலகையையும் கைமரத்தையும் சேத்துப் பசை மாதிரி பிடிச்சுக்கும். ஆணி அங்கங்கதான் பிடிக்கும், இது நீளத்துக்கும் பிடிக்கும். காத்து தூக்கினா லேசுல விடாது."

"கேக் மேல தடவுற கிரீம் வீட்டைத் தாங்குமா? எந்த ஊர்லப்பா நீ வளந்த?"

அவன் வண்டியிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்தான். நடுவே நுரை. கடப்பாரை கொடுத்துப் பிரிக்கச் சொன்னான். எல்டா முழுப் பலத்தோடு நெம்பினாள். மரம் நார் நாராகக் கிழிந்தது, நுரை விடவில்லை.

"மரம் உன்னோடது. மட்டமான மரமா இருக்கும்" என்று உள்ளே போய்த் தன்னுடைய கட்டைகளைக் கொண்டுவந்தாள். அவன் சிரிக்காமல் அதிலும் அடித்து, மறுநாள் நெம்பிப் பார்க்கச் சொன்னான். அதுவும் கிழிந்தது. அதற்குப் பிறகுதான் சம்மதித்தாள்.

நுரையின் நெடி அடங்கும்வரை வீட்டில் யாரும் இருக்கக்கூடாது என்றான் ராட்னி. "வீட்டுக்காரியை வெளியே அனுப்புறவன் எதையோ மறைக்கிறான்" என்று என்னிடம் முணுமுணுத்தாள். நாள் முழுக்க எதிர்ப்பக்கம் வண்டியை நிறுத்தி, பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பரணில் ஏறி, நுரை சொன்னபடி மூன்று அங்குலம் இருக்கிறதா என்று பார்க்க, அந்த அளவில் கோடு போட்ட பின்னல் ஊசியை நாற்பது இடத்தில் குத்தினாள். இரண்டு இடத்தில் ஆழம் குறைந்தது. ராட்னி மறுபேச்சில்லாமல் திரும்ப அடித்தான். சமையலறைக்கு மேலே மட்டும் ஒரு பட்டை அடிக்க அவள் விடவே இல்லை. "எல்லாத்தையும் மூடிட்டா, ஒழுகுறது எனக்கு எப்படித் தெரியும்?"

ஆகஸ்டில் புயல் வந்தது. எல்லோரும் வடக்கே போய், ஐந்தாம் நாள் திரும்பினோம். என் வீட்டில் படுக்கையறைக்கு மேலே ஆகாயம் தெரிந்தது. எல்டா வீட்டில் மேலே இருந்த தார் ஓடுகள் மொத்தமும் போயிருந்தன. பலகை ஒன்றுகூட அசையவில்லை. பலகை இடுக்குகளையும் நுரை அடைத்திருந்ததால் அறைகளில் ஈரமில்லை. சமையலறையில் மட்டும், அவள் அடிக்காமல் விடச் சொன்ன பட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி மாவு டப்பாவெல்லாம் கூழாகியிருந்தது. அவள் டப்பாக்களை ஒவ்வொன்றாக வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தாள்.

மதியம் ராட்னி கூப்பிடாமலே வந்தான்.

"எதுக்கு வந்த? பெருமை பேசவா?"

"இல்ல மிஸ் எல்டா. பரணைப் பாக்கணும்."

"அதான் நிக்குதே. என்ன பாக்கணும்?"

அவன் தொப்பியைக் கழற்றினான். "பின்பக்க மூலைல அடிக்கறப்போ மரம் ஈரமா இருந்துச்சு. காயவிட்டிருக்கணும். அவசரத்துல அடிச்சுட்டேன். புயல் ஓயற வரைக்கும் அந்த மூலை நெனப்புதான்."

மூவரும் ஏறினோம். அந்த மூலையில் நுரை ஒரு சாண் நீளத்துக்கு மரத்தை விட்டு விலகியிருந்தது. ஆணிகள் தாங்கியிருந்தன.

நான் சண்டையை எதிர்பார்த்தேன். நுரை விலகிய இடத்தில் எல்டா விரலை விட்டு, மெல்ல எடுத்தாள். "ஊசி இதைச் சொல்லலியே" என்றாள். அவள் குரல் தணிந்திருந்தது. பிறகு, "இதைச் சுரண்டி எடு. நல்லாக் காயட்டும், அப்புறம் அடி. சமையக்கட்டுக்கும் சேத்து" என்றாள்.

இறங்கும்போது என் கூரைக்கும் ராட்னியைக் கூப்பிடலாமா என்று கேட்டேன்.

"கூப்பிடு. தப்பு பண்ணா வந்து சொல்றான், இந்தக் கரைல வேற யாரு சொல்றா?" இரண்டு படி இறங்கித் திரும்பினாள். "ஆனா அவன் அடிக்கறதுக்கு முன்னாடி மரத்தை நீயே தொட்டுப் பாரு. அவன் காஞ்சிருச்சுன்னு சொன்னாலும்."