மாமா சொல்லாத அபிப்பிராயம்

வெள்ளைக்காரப் பாதிரியார் தன் குடையைத் தானே பிடிப்பாரா, மாட்டாரா? எங்கள் நாடகத்தைப் பற்றிய அபிப்பிராயங்கள் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தன.

நமுனுகுல மலைச்சரிவில் எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கிருந்த பள்ளிக்கூடம் ஒரு காலத்தில் வெள்ளைக்கார மிஷன்காரர்கள் தொடங்கியது. அவர்கள் வந்து முதல் வகுப்பு நடத்திய கதையை டீச்சர் நாடகமாக எழுதியிருந்தார். முதலில் தோட்டத்துச் சனங்களுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்லும் குறைகளைத் திருத்திக்கொண்டு பதுளைக்குப் போவதாக ஏற்பாடு. எனக்கு அப்போது பத்து வயது. பாதிரியாரின் மனைவி நான்தான். டீச்சர் தன் கல்யாண கவுனையே எனக்காகப் பிடித்துத் தைத்துத் தந்திருந்தார். அதைப் போட்டுக்கொண்ட பிறகு எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் யாருடனும் நான் பேசவில்லை. அவ்வளவு மண்டைக்கனம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தினமும் காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நாடகம் நடந்தது. சித்தப்பாதான் பாதிரியார். பஞ்சுத் தாடியும் தொப்பியுமாக அவர் உள்ளே வந்ததும் முன்வரிசைப் பெரியவர்கள் அத்தனை பேரும் எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். அந்தக் களத்துக்குள் ஒரு துரைத் தொப்பி வந்தால் எழுந்து நிற்பது அவர்களுடைய கால்களுக்கே பழகிப்போன விஷயம். டீச்சரோ அது நாடகத்துக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்துப்போனார். சித்தப்பா அந்தச் சந்தோஷத்தில் முதல் வசனத்தையே மறந்துவிட்டார்.

நாடகம் முடிந்ததும் அபிப்பிராயம் கேட்டார்கள். ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர் முதலில் எழுந்தார்.

"பாதிரியாருக்குக் குடை புடிக்க ஒரு ஆளப் போடுங்க. தன் குடையத் தானே புடிக்கிற வெள்ளக்காரன நான் பாத்ததில்லீங்க."

பதுளையிலிருந்து வந்திருந்த துணிக்கடை முஸ்லிம் நானா, அழுகை கூடிப்போச்சு, ரெண்டு பாட்டுச் சேர்த்தால் நல்லது என்றார். தொழிற்சங்கத் தலைவர் அரை மணி நேரம் பேசினார். அதில் நாடகம் வரவே இல்லை. பெண்கள் பேசுகிற வழக்கம் அங்கே கிடையாது. கூட்டம் கலையப் போகிற நேரத்தில் பின்னால் ஒருத்தி எழுந்தாள். பார்த்தால் என் அம்மா.

"முத நாளே எல்லாப் புள்ளைங்களும் பள்ளிக்கூடம் வந்துருச்சுன்னு காட்டுறீங்க. ஆத்தாமாரு கொழுந்து பறிக்கப் போயிட்டா கைப்புள்ளைய யாருங்க பாக்குறது? ஒரு அக்காக்காரி வீட்டுல நின்னுருப்பா. அவளையும் காட்டுங்க."

சொல்லிவிட்டு டக்கென்று உட்கார்ந்துகொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் நாடகக் கொப்பியைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டார்.

மறுநாள் நாடகத்தில் அந்த அக்காக்காரி சேர்ந்துவிட்டாள். வகுப்பு நடக்கும்போது இடுப்பில் பிள்ளையோடு ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும். வசனம் கிடையாது. வாயைத் திறக்காமல் நடிக்க நான்தான் சரியான ஆள் என்று டீச்சர் முடிவு செய்தார். கவுன் கணக்கப்பிள்ளை மகளுக்குப் போய்விட்டது. நான் மூன்று நாள் அம்மாவோடு பேசவில்லை. ரொட்டியைத் தட்டோடு தள்ளிவிட்டேன். பெற்ற தாயே இப்படிச் செய்வாளா என்று பொங்கிப் பொங்கி அழுதேன். அம்மா சமாதானம் சொல்ல வரவில்லை. பழைய சேலையைச் சுருட்டிப் பிள்ளை மாதிரி கட்டி என் இடுப்பில் வைத்துவிட்டாள்.

"சும்மா மரமாட்டம் நிக்காத. பாதிரியாரம்மா பலகையில எழுதுறத நீ புள்ள முதுகுல வெரலால எழுது. புள்ளையும் அழாம இருக்கும்."

அம்மா பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஆனால் பஸ்ஸின் பெயர்ப்பலகையை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். அது எப்படி என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை.

இன்று நான் அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கடல் தாண்டி வந்து இந்த மழையிலும் பனியிலும் கரும்பலகை மாட்டியவர்களை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. அவர்களைக் கும்பிடுகிற கை அம்மாவையும் சேர்த்தே கும்பிடுகிறது. என் கவுனைப் பறித்ததற்காகவும்தான்.

நாடகம் பதுளைக்குப் போன அன்று மண்டபம் நிறைந்திருந்தது. நான் ஒரு ஓரத்தில் நின்று, சேலைப் பிள்ளையின் முதுகில் 'அ' எழுதினேன், 'ஆ' எழுதினேன். முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குக் கவுன் இல்லாததைப் பார்த்துத்தான் அழுகிறார்கள் என்று நினைத்தேன்.

அங்கேயும் அபிப்பிராயம் கேட்டார்கள். மைக் மாமாவிடம் போனதும் நிமிர்ந்து நின்றேன். மாமா அம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் இருவரும் மலைக்கு வேலைக்குப் போக, அம்மாதான் அவரை இடுப்பில் வைத்தே வளர்த்தாளாம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து, பதுளையில் வாத்தியாராக இருந்தார். எதற்கும் ஒரு அபிப்பிராயம் வைத்திருப்பார். வீட்டுக்கு வந்தால் சம்பலில் உப்பு தொடங்கி அரசாங்கம் வரைக்கும் ஒன்றையும் விடமாட்டார். என்னைப் பற்றி நாலு வார்த்தை நன்றாகச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மைக்கைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவிடம் முறையிட்டேன்.

"மாமாவுக்கு என் நடிப்பு புடிக்கவே இல்லம்மா."

"ஆமா, புடிக்கல போல," என்றாள் அம்மா.

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவள் சிரித்தாள். தன் தம்பியைக் கண்டிக்காமல் இப்படிச் சிரிக்கிறாளே என்று, மறுபடியும் அவளோடு பேசாமல் இருக்கத் தொடங்கினேன்.