கண்ணாடியில் தெரிந்த மாம்பழ மஞ்சள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, குளிர் விலகி வெயில் மெல்ல எட்டிப் பார்க்கத் தொடங்கிய நேரம். சிட்னியிலிருந்து மெல்பர்ன் போகும் ஹ்யூம் நெடுஞ்சாலையில், காருக்குப் பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ‘நான்தான்’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்களிடம் கேரவன் இருக்கிறது என்றதும் எல்லோரும் என் கணவரைப் பார்த்துத்தான் விவரம் கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையைக் காட்டுவார்.

கேரவன் என்பது சக்கரம் வைத்த குட்டி வீடு. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். அது காரைவிட அகலம். அதனால் காரோடு வந்த கண்ணாடியில் பார்த்தால் கேரவனின் முன் மூலைதான் முகத்தில் அடித்த மாதிரி தெரியுமே தவிர, அதன் பக்கவாட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது. இதற்கென்றே நீட்டுக் கண்ணாடி விற்கிறார்கள். காரின் கண்ணாடி மேல் பட்டை போட்டு இறுக்கினால், இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அழகாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை.

என் கணவருக்கு அதைக் கண்டாலே ஆகாது. “அதான் கேரவன் பின்னாடி கேமரா இருக்கே, இந்தக் கண்ராவி எதுக்கு?” என்பார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பது என் வேலை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பவளுக்கு, திரை எதையெல்லாம் காட்டாது என்பதும் தெரியும். கேமரா நேர் பின்னால் மட்டும்தான் காட்டும். பக்கத்தைக் காட்டாது. “கண்ணாடி இல்லாம நான் சாவியத் தொடமாட்டேன், நீங்க வேணா ஓட்டுங்க” என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சிட்னியின் பென்டில் ஹில்லில் எங்கள் பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அன்ரியும் அங்கிளும் இருக்கிறார்கள். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். இந்த ஊரில் எங்களுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவர்களை விட்டால் ஆள் கிடையாது. அவர்களுடைய மகள் மெல்பர்னில், கிளேட்டனில் புது வீடு வாங்கியிருந்தார். நாம் கிரகப்பிரவேசம் என்பதை அவர்கள் குடிபூரல் என்பார்கள். புது வீட்டில் கட்டில்கூட இன்னும் வரவில்லை என்பதால், கேரவனைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி அதிலேயே தூங்கிக்கொள்ளலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். நாங்கள் கேரவனோடு ஒரு காரில், அங்கிள் விளக்கு, பானை, சட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு அவருடைய காரில் என்று ஏற்பாடு.

புறப்படும் காலையில் அன்ரி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். காரின் நெற்றியில் பொட்டு வைத்தவர், என் நீட்டுக் கண்ணாடியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“உது என்ன பிள்ளை, காருக்குக் காது முளைச்சிருக்கு?”

“அப்படிக் கேளுங்க அன்ரி” என்றார் என் கணவர், நல்ல துணை கிடைத்த சந்தோஷத்தில்.

அன்ரி அந்தக் கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு சந்தனப் பொட்டு வைக்கப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அங்கே பொட்டு வைத்தால் அந்தப் பொட்டு அளவுக்கு ரோடு மறைந்துவிடும் என்றேன். “சரியான பிடிவாதக்காரி” என்று சொல்லிக்கொண்டே, பலகார டின்களைக் கேரவனுக்குள் அடுக்கப் போனார். பயத்தம் உருண்டை, அரியதரம், முறுக்கு என்று ஒரு கல்யாணத்துக்குப் போதுமான அளவு இருந்தது. கடைசியாக, குடிபூரலன்று உடுத்தப்போகும் பட்டுப் புடவையை என்னிடம் விரித்துக் காட்டினார். மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை. தன் கையாலேயே உள்ளே அலமாரியில் தொங்கவிட்டார். அவருக்கு அதன் மேல் அவ்வளவு ஆசை.

அன்ரி எங்கள் காரில்தான் ஏறினார். அங்கிள் வண்டி ஓட்டினால் வாயே திறக்கமாட்டார், கிரிக்கெட் வர்ணனை மட்டும்தான் ஓடும், அது தன்னால் ஆகாது என்பது அவர் சொன்ன காரணம். சிட்னியைத் தாண்டும் வரை பேச்சு, தாண்டிய பிறகும் பேச்சு. கண்டகாய் ஊரைக் கடந்து, சாலையோரம் வண்டிகள் நின்று இளைப்பாறும் ஓர் இடத்தில் சாப்பிட நிறுத்தினோம். என்னுடைய புளியோதரை, அவருடைய மீன் ரோல். ஈக்கள்தான் தாங்க முடியவில்லை. மூக்கிலும் காதிலும் புகுந்துகொண்டு ஒரே தொல்லை.

சாப்பிட்டு முடித்ததும் அன்ரி என்னிடம் வந்தார். “பிள்ளை, இனி நான் அவரோட வாறன். சோறு உள்ள போனா மனுசனுக்குக் கண் சொக்கும். பக்கத்தில இருந்து கதைச்சுக்கொண்டு போறன்.”

நல்லது அன்ரி என்றேன். அவர் அங்கிளின் காரை நோக்கி நடப்பதையும் என் கண்ணால் பார்த்தேன். நான் டயர்களையும் கொக்கியையும் சரிபார்த்தேன். கணவர் கேரவனின் படியை மடித்து, கதவைப் பூட்டினார். அங்கிள் கையசைத்துவிட்டு முன்னால் கிளம்பிப் போனார். நாங்களும் கிளம்பினோம். கணவர் சீட்டைச் சாய்த்து, கொஞ்ச நேரத்திலேயே குறட்டை விட ஆரம்பித்தார்.

சாலை நேராக, வெறிச்சென்று கிடந்தது. வலது பக்கக் கண்ணாடியில் ஏதோ படபடத்தது. கேரவனின் பக்கவாட்டில் சுருட்டி வைக்கும் கூடாரத்துணி அவிழ்ந்துவிட்டதோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அது இடது பக்கம் அல்லவா இருக்கிறது? மறுபடி பார்த்தேன். மஞ்சள். மாம்பழ மஞ்சள். சமையல் மேடைக்கு மேல் இருக்கும் ஜன்னலின் இடுக்கிலிருந்து அன்ரியின் பட்டுப் புடவை வெளியே பறந்துகொண்டிருந்தது.

ஐயோ, ஜன்னலைச் சரியாக மூடாமல் விட்டோமே, புடவை போச்சே என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. அப்போது புடவை உள்ளே போனது. மறுபடி வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது. காற்றுக்கு ஒரு துணியை வெளியே இழுக்கத் தெரியும், உள்ளே இழுக்கத் தெரியாது. அப்படியானால் உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

கணவரின் தோளைத் தட்டினேன். “பதறாம கேளுங்க. அன்ரிக்கு ஒரு போன் போடுங்க.”

அவர் தூக்கக் கலக்கத்தில் போட்டார். எங்கள் பின் சீட்டிலிருந்து மணி அடித்தது. சார்ஜில் போட்ட இடத்திலேயே அன்ரியின் போன் கிடந்தது. உடனே அங்கிளுக்குப் போட்டார். ஸ்பீக்கரில் அங்கிளின் குரல் நிதானமாக வந்தது. “அவ உங்களோடயெல்லோ வாறா?”

 என் கணவர் சீட்டிலிருந்து நிமிர்ந்து, “நிறுத்து, பிரேக்கப் போடு” என்று கத்தினார்.

“போட்டா அன்ரி அடுப்புல போய் மோதுவாங்க. அங்கிள்கிட்ட, அன்ரி கேரவன்ல இருக்காங்க, அடுத்த திருப்பத்துல திரும்பி வாங்கன்னு மட்டும் சொல்லுங்க.” என் குரல் எனக்கே ஆச்சரியமாக இருந்தது.  ஓடும் கேரவனுக்குள் ஆள் இருக்கவே கூடாது என்பது இங்கே சட்டம். ஆளைப் பிடித்துவைக்கப் பெல்ட் கிடையாது. சட்டென்று வேகத்தைக் குறைத்தாலோ, சட்டென்று ஒடித்தாலோ, உள்ளே இருப்பவர் பலகார டின்களோடு சேர்ந்து உருளுவார். எல்லா விளக்குகளையும் மினுக்கவிட்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன்.

அப்போதுதான் அதே கண்ணாடியில் அந்த லாரி தெரிந்தது. நீண்ட பெரிய லாரி, முந்திப் போவதற்காக வலது பாதைக்கு மாறி வேகமாக வந்துகொண்டிருந்தது. புடவையோ அந்தப் பாதையின் மேல்தான் பறந்துகொண்டிருந்தது. அதன் மறுமுனை அன்ரியின் கையில். சுற்றிப் பிடித்திருப்பார், ஆசைப்பட்டு வாங்கிய புடவையை யார்தான் நழுவ விடுவார்கள்? அது லாரியின் எந்தக் கொக்கியில் சிக்கினாலும் அந்தக் கை என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நான் என் பக்கத்து ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, வராதே வராதே என்று பின்னால் தள்ளுவது போல ஆட்டினேன். ஊரில் பஸ் டிரைவர்கள் செய்வதைப் பார்த்துப் பழகிய சைகை. இந்த ஊரில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அந்த டிரைவருக்கு அது புரிந்ததா, புடவை கண்ணில் பட்டதா, தெரியாது. லாரி முன்னேறுவதை நிறுத்தியது. பின்வாங்கியது. எங்கள் பாதைக்கே திரும்பி வந்து, எங்களுக்குப் பின்னால் தன் விளக்குகளையும் மினுக்கவிட்டு, ஒரு மதில் மாதிரி மெதுவாக வந்தது. கேமராவின் திரையில் அதன் முகம் மட்டும் நிறைந்து தெரிந்தது. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும்.

அவசரத்துக்கு ஒதுங்கும் இடம் ஒன்று வந்தது. தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவது போலக் கேரவனைக் கொண்டுபோய் அதில் நிறுத்தினேன். லாரி ஒரு ஹாரன் அடித்துவிட்டுக் கடந்து போனது. நன்றி என்று கை காட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

கணவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். அன்ரி தரையில், ஃபிரிட்ஜுக்கும் கட்டிலுக்கும் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் புடவை நுனி இன்னும் சுற்றியபடி இருந்தது. மடியில் பலகார டின். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். என்னைப் பார்த்ததும், “பயத்தம் உருண்டை ஒண்டும் உடையேல்லை பிள்ளை” என்றார். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அழ ஆரம்பித்தார். அதுவரை திடமாக இருந்த நானும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

நடந்தது இதுதான். அங்கிளின் காரை நோக்கிப் போனவருக்கு, அவரிடம் எதுவும் சொல்லும் முன்பே, கழிப்பறைக்குப் போய்விடலாம் என்று தோன்றியிருக்கிறது. பொதுக் கழிப்பறைக்குப் போக மனமில்லை. நம் ஆட்களுக்கு அது ஒரு வியாதி. சத்தம் காட்டாமல் கேரவனுக்குள் ஏறி, ஈ வராமல் கதவையும் சாத்திக்கொண்டிருக்கிறார். உள்ளே காற்றாடிச் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை. வெளியே வந்தபோது வீடு நகர்ந்துகொண்டிருந்தது. கத்தியிருக்கிறார், சுவரைத் தட்டியிருக்கிறார். அது எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகுதான் காலையில் பார்த்த அந்தக் காது ஞாபகம் வந்திருக்கிறது.

“ரோடு மறைக்கும் எண்டு பொட்டுக்கூட வைக்க விடாதவள், உதைப் பாக்காமல் விடுவாளோ எண்டு யோசிச்சனான்” என்றார். “பாக்கும் வரைக்கும் ஆட்டுவம் எண்டு ஆட்டினனான்.”

அங்கிள் வந்து சேர்ந்தார். காரை நிறுத்தி இறங்கினார்.  வந்து அன்ரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். “நீ அவையளோட வாறாய் எண்டு நான் நிம்மதியா கிரிக்கெட் கேட்டுக்கொண்டு வந்தனான்” என்றார்.  மெல்பர்ன் போய்ச் சேரும் வரை அன்று அவர் காரில் வர்ணனை ஓடவில்லை என்று அன்ரி பிறகு சொன்னார்.

குடிபூரலன்று அன்ரி அதே புடவையைத்தான் உடுத்தினார். ஜன்னல் விளிம்பில் உரசி அரக்குக் கரை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. மடிப்பில் மறைத்துவிடலாமே என்று மகள் சொல்லியும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லோரிடமும் கிழிசலைக் காட்டிக் காட்டிக் கதை சொன்னார். பால் பொங்கியதும் சந்தனக் கிண்ணத்தோடு வெளியே வந்து, என் நீட்டுக் கண்ணாடியின் இரண்டு பக்கமும் பொட்டு வைத்தார். கண்ணாடியில் படாமல், சட்டத்தின் ஓரத்தில். என் கணவர் பக்கத்தில் நின்று, பொட்டு நேராக இருக்கிறதா என்று சரிபார்த்தார். திரும்பும்போது அந்தக் கண்ணாடியை மாட்டி இறுக்கியதும் அவர்தான்.

இப்போதெல்லாம் கிளம்பும் முன் எல்லாரும் ஏறியாச்சா என்று நான் கேட்பதில்லை, ஒவ்வொரு முகத்தையும் பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்புகிறேன். ஆனால் அந்த நாள் எனக்குள் விட்டுப்போனது அது மட்டுமில்லை. சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்குள் யாராவது கொஞ்ச நாள் பேச்சில்லாமல் இருந்தால், அவர்கள் பக்கத்தில் வேறு யாரோ இருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பு எனக்கு வரும்போதெல்லாம் கண்ணோரத்தில் ஒரு மாம்பழ மஞ்சள் படபடக்கிறது. உடனே போனை எடுத்துவிடுகிறேன்.